கிழடாகிவிட்டதா, கிழடாக்கப்பட்டதா?

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, பீடி சுற்றும் தாயார் ஒருவர் நமது சங்க அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு துணிப் பை. பைக்குள் ஒரு லாப்டாப். மகள் பிளஸ் 2 படித்தபோது கிடைத்தது. மகள் இப்பொழுது தேர்வாணையப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். பழைய வினாத்தாள்கள், குறிப்புகள், பாடங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

"தோழர், நாலு நாளைக்கு முன்னால என்னமோ அப்டேட்டுன்னு வந்துச்சாம். இவளும் சரின்னு அமுக்கிட்டா. ராத்திரி பூரா ஓடுச்சு. அதிலேருந்து தொறக்கவே கால் மணி நேரம் ஆகுது. கடையில காட்டினோம். இது செத்துப்போச்சு, புதுசு வாங்கிக்குங்கங்கிறாங்க. நாப்பதாயிரமாம். மாசத் தவணையில தர்றாங்களாம். வாங்கலாமா தோழர்?"

"கடையில் அதைத் திறந்து பார்த்தார்களா அம்மா?" என்று கேட்டோம்.

"இல்லை தோழர். ஆன் பண்ணிப் பார்த்தாங்க. அஞ்சு நிமிசத்துல சொல்லிட்டாங்க."

வைத்தியம் பார்க்காமலே மரணச் சான்றிதழ்! ஐந்து நிமிஷத்தில் தீர்ப்பு. இரண்டு வருஷத் தவணை தண்டனை! நாற்பதாயிரம் ரூபாய்க்கு அந்தத் தாயார் எத்தனை ஆயிரம் பீடி சுற்ற வேண்டும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

கடையில் நின்ற இளைஞர் மீது நமக்குக் கோபமில்லை. அவரும் கூலிக்கு நிற்பவர்தான். விற்றால் கமிஷன் உண்டு. பழுது பார்த்தால் அது கிடையாது. "செத்துப்போச்சு" என்ற சொல்லை அவர் வாயில் வைத்தது எது என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதற்கு முன், அந்த லாப்டாப் உண்மையிலேயே செத்துத்தான் போயிருந்ததா என்பதைப் பார்த்துவிடுவோம்.

நோய் எங்கே இருந்தது?

செல்போன் பழுது பார்க்கும் நமது இளம் தோழர் ஒருவர் வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வந்தார். முதற்காரியமாக, பெண்ணின் பாடக் குறிப்புகள் அனைத்தையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்தார். எந்த வைத்தியத்துக்கும் முன்னால் செய்ய வேண்டியது இதுதான். தோழர்கள் இதை மறக்கவே கூடாது.

அடுத்து அவர் ஒன்றும் செய்யவில்லை! சார்ஜரில் மாட்டி, விடிய விடிய ஓடவிட்டார். காரணம் உண்டு. பெரிய அப்டேட் ஒன்று இறங்கியவுடன் இயந்திரத்தின் வேலை முடிந்துவிடுவதில்லை. உள்ளே இருக்கும் கோப்புகளுக்கெல்லாம் தேடுதல் பட்டியலைப் புதிதாகத் தயாரிக்கிறது. வைரஸ் சோதனை நடக்கிறது. அப்டேட்டின் மிச்சப் பகுதிகளும் பின்னாலேயே வந்து இறங்குகின்றன. வீடு மாறியவன் முதல் இரண்டு நாள் மூட்டை பிரிப்பதுபோலத்தான். இது முடிய சில மணி நேரமாகலாம். பழைய இயந்திரத்தில் ஓரிரு நாளும் ஆகலாம். அதற்குள் பொறுமையிழந்து மூடி மூடித் திறந்தால் வேலை இழுத்துக்கொண்டேதான் போகும்.

மறுநாள் சற்றுத் தேவலையாயிற்று. ஆனாலும் முழுக் குணமில்லை. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினார் தோழர். டாஸ்க் மேனேஜர் என்ற பலகை திறந்தது. யார் எவ்வளவு தின்கிறார்கள் என்று சொல்லும் கணக்குப் புத்தகம் அது. பிராசசருக்கு வேலை அதிகமில்லை. ஆனால் ஹார்ட் டிஸ்க்கோ நூற்றுக்கு நூறு! மூச்சுத் திணறியது மூளையல்ல, கிடங்கு.

ஸ்டார்ட்அப் என்ற பட்டியலைத் திறந்தார். இயந்திரத்தைத் திறந்தவுடன் கேட்காமலே ஓடத் தொடங்கும் புரோகிராம்கள் பதினொன்று. அந்தப் பெண் அவற்றில் எட்டின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை! வைரஸ் காவலை மட்டும் விட்டுவைத்து, வேண்டாதவற்றையெல்லாம் நிறுத்தினார். டிஸ்க்கில் இடமும் இல்லை. பழைய சிஸ்டத்தின் முழு நகலையும் அப்டேட் அங்கேயே போட்டு வைத்திருந்தது. பழையதற்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்காகப் பத்து நாள் அது வைக்கப்படும். திரும்புகிற உத்தேசமில்லை என்றால் அதை நீக்கிவிடலாம். நீக்கினார்; இடம் கிடைத்தது.

பின்மூடியைக் கழற்றினார். விசிறியில் பஞ்சு மெத்தைபோல் தூசி! சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசியைத் துடைத்ததும் சூடு தணிந்தது.

கடைசியாக, மூல காரணம். உள்ளே இருந்தது சுழலும் தட்டுள்ள பழைய ரக ஹார்ட் டிஸ்க். அந்தத் தட்டு நிமிஷத்துக்கு 5400 தடவை சுற்றுகிறது. ஊசி அங்குமிங்கும் ஓடிப் படிக்கிறது. சிதறிக் கிடக்கும் துண்டுகளை எடுப்பதென்றால் விநாடிக்குச் சுமார் நூறு இடத்துக்குத்தான் அந்த ஊசியால் போக முடியும். எஸ்.எஸ்.டி. என்பதில் தட்டுமில்லை, ஊசியுமில்லை. அது விநாடிக்குப் பல்லாயிரம் இடங்களிலிருந்து எடுத்துத் தரும். இன்றைய சிஸ்டங்கள் எஸ்.எஸ்.டி.யை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. தட்டு டிஸ்க் உள்ள ஏழையின் லாப்டாப்பிலும் அதே மூட்டை இறக்கப்படுகிறது. கூலியாள் கூன் விழுந்து நின்றால் அவனைக் கிழவன் என்கிறார்கள். மூட்டையின் எடையை மட்டும் யாரும் பேசுவதில்லை!

டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. மாட்டினார் தோழர். சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றினார். கால் மணி நேரம் எடுத்த லாப்டாப் அரை நிமிஷத்தில் திறந்தது. செலவு? கடைக்காரர் கேட்ட நாற்பதாயிரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. "செத்தது" எழுந்து உட்கார்ந்துவிட்டது!

எல்லா லாப்டாப்பும் இப்படிப் பிழைக்கும் என்று நாம் சொல்லவில்லை. போர்டு எரிந்துபோனால் செலவு கட்டுப்படியாகாமல் போகலாம். ராம் 2 ஜி.பி. மட்டுமே இருந்து, கூட்ட வழியில்லாமல் போர்டோடு ஒட்டப்பட்டிருந்தால், கனமான சிஸ்டம் அதில் ஓடாது. ஆனால் திறந்து பார்த்த பிறகு சொல்ல வேண்டிய முடிவை, திறவாமலே சொல்வது வைத்தியமல்ல, வியாபாரம்.

"அப்டேட்டே வேண்டாம்" என்னும் ஞானோபதேசம்

இதைக் கேட்டதும் சில நண்பர்கள், "அதனால்தான் நாங்கள் அப்டேட்டையே நிறுத்தி வைத்துவிட்டோம்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். இது தவறு; ஆபத்தான தவறு.

2017 மே 12 அன்று வானாக்ரை என்ற விஷப் புரோகிராம் உலகெங்கும் பரவியது. 150 நாடுகளுக்கு மேல் கம்ப்யூட்டர்கள் பூட்டப்பட்டன. திறப்பதற்குக் கப்பம் கேட்டார்கள். பிரிட்டனில் பொது மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்தத் துளையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் அடிபட்டார்கள். அந்தத் துளையைக் கண்டுபிடித்து, உலகத்துக்குச் சொல்லாமல் உளவு வேலைக்காக ரகசியமாக வைத்திருந்தது யார்? அமெரிக்க சர்க்காரின் என்.எஸ்.ஏ. என்ற உளவு ஸ்தாபனம்! அதனிடமிருந்து களவு போன ஆயுதம்தான் ஆஸ்பத்திரிகளின் தலையில் வெடித்தது.

ஆகவே அப்டேட் என்பதில் இரண்டு சரக்குகள் இருக்கின்றன என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, துளையை அடைக்கும் மருந்து. அது அவசியம், அது உரிமை. மற்றொன்று, புதிய அலங்காரங்கள், கேட்காத சேவைகள், விளம்பரங்கள், பின்னணியில் ஓடும் புரோகிராம்கள், இவை சுமை. பெரிய அப்டேட்டுகளில் மருந்தையும் மூட்டையையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, "இரண்டையும் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் நோய்வாய்ப்படு" என்று நீட்டுகிறார்கள். சண்டை இந்தப் பொட்டலத்தோடுதான், மருந்தோடு அல்ல!

மருந்துக்கும் கெடு!

மருந்தே கிடைக்காமற் போனால்? அதுவும் நடந்தேறிவிட்டது.

2015 ஜூலையில் வந்தது விண்டோஸ் 10. 2021 அக்டோபரில் வந்தது விண்டோஸ் 11. புதியது வேண்டுமென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-ல்தான். ஆக, அதற்கு முன் வாங்கியவர்கள் பெரும்பாலோர் வெளியே! பிறகு 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் நிறுத்தப்பட்டன. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்கள் ஒரே நாளில் காவலில்லாத வீடுகளாயின.

"பாதுகாப்புக்காகத்தானே அந்தச் சில்லைக் கேட்கிறார்கள்?" என்று சிலர் வாதிக்கலாம். சில்லு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பாதுகாப்பின் மீது அவ்வளவு அக்கறை உள்ளவர்கள், சில்லில்லாத பழைய இயந்திரத்தை எந்தப் பாதுகாப்புமில்லாமல் நடுத்தெருவில் விடுவானேன்? வீட்டுக்கு இரும்புக் கதவு போடச் சொல்கிறவன், மரக்கதவு உள்ளவனின் பூட்டைப் பிடுங்கிக்கொண்டு போவதுண்டா?

மேலும் ஒன்று. 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டுக்கு மருந்து தருவதாகச் சொன்னார்கள். எப்படி? 30 டாலர் கொடு. அல்லது உன் கம்ப்யூட்டர் அமைப்புகளை எங்கள் கிடங்கில் நகல் வை. அல்லது எங்கள் பரிசுப் புள்ளிகளைச் செலவிடு. ஐரோப்பாவில் நுகர்வோர் ஸ்தாபனங்கள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தன. 2025 செப்டம்பரில், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி மக்களுக்கு மட்டும் காசும் வேண்டாம், நகலும் வேண்டாம் என்று கம்பெனி இறங்கி வந்தது. மருந்து அதேதான், கம்பெனியும் அதேதான். அங்கே ஸ்தாபனமாகத் திரண்டு கேட்டார்கள், கிடைத்தது. "முடியாது" என்று சொல்லப்பட்டதெல்லாம் "மாட்டோம்" என்பதன் மறுபெயர்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பல்பு தொடங்கிய கதை

இது இன்று பிறந்த தந்திரமல்ல. 1924-ல் ஜெனிவாவில் ஆஸ்ராம், பிலிப்ஸ் முதலிய பல்பு முதலாளிகள் கூடி, பீபஸ் என்ற பெயரில் கூட்டுச் சேர்ந்தார்கள். பல்பு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது என்று முடிவு கட்டினார்கள். அதிக நேரம் எரியும் பல்பைச் செய்த ஆலைக்கு அபராதம் போட்டார்கள்! நல்ல சரக்குச் செய்ததற்காக அபராதம்! தொழிலாளியின் திறமையும் விஞ்ஞானியின் மூளையும், பொருளின் ஆயுளைக் குறைக்கப் பயன்படுத்தப்பட்ட விந்தை அது.

அன்று பல்பு, இன்று போன். பாட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தன் அப்டேட் குறைக்கிறது என்பதை 2017 டிசம்பரில் ஆப்பிள் கம்பெனி ஒப்புக்கொண்டது. பாட்டரி திடீரென்று அணையாமலிருக்கவே அப்படிச் செய்ததாக விளக்கமும் தந்தது. இருக்கட்டும். வாங்கியவனிடம் அதை முன்கூட்டிச் சொன்னால் என்ன? பாட்டரியை மாற்றினால் போதும் என்று தெரிந்திருந்தால் அவன் புதுப் போன் வாங்கியிருப்பானா? சொல்லாமல் விட்டதற்காக பிரான்ஸ் 2020-ல் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தது. அதற்கு முன்பே, 2018 அக்டோபரில், பழைய போன்கள் தாங்க முடியாத அப்டேட்டுகளைப் போடச் செய்ததற்காக இத்தாலி ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது.

ஒவ்வொரு மந்தத்துக்கும் பின்னால் சதி இருக்கிறது என்று நாம் கூறவில்லை. அந்தத் தாயாரின் லாப்டாப்பில் பாதி நோய் தூசியும் குப்பையும்தான். ஆனால் பழையதைத் தாங்க வைப்பதில் லாபமில்லை, புதியதை விற்பதில்தான் லாபம் என்ற ஏற்பாடு இருக்கும்வரை, சதியே தேவையில்லை. ஏற்பாடே அந்த வேலையைச் செய்துவிடும்.

உதிரிப் பாகத்தின் கதையும் அப்படியே. செயற்கை அறிவுக் கூடங்களுக்கு விற்பதில் கொள்ளை லாபம் என்று கண்டதும், 2025 டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, சாதாரண மக்களுக்கு ராமும் எஸ்.எஸ்.டி.யும் விற்றுவந்த குரூஷியல் வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. பழையதைப் பழுது பார்க்க வேண்டிய சரக்கு எங்கே போகிறது, யாருக்குப் போகிறது என்பதைக் கவனியுங்கள்.

குப்பை யார் வாசலில்?

2022-ல் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பையைக் கொட்டியிருக்கிறது என்று ஐக்கிய நாடுகள் அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவிகிதம்தான். மிச்சத்தில் ஒரு பகுதி எங்கே போகிறது என்பதைத் தில்லி சீலம்பூரின் சந்துகளில் பார்க்கலாம். அங்கே ஏழைத் தொழிலாளர்கள் கையுறைகூட இல்லாமல் போர்டுகளை உடைத்து, உலோகம் எடுத்துப் பிழைக்கிறார்கள். புது லாப்டாப்பின் லாபம் ஒரு வாசலுக்கு. பழைய லாப்டாப்பின் விஷம் வேறொரு வாசலுக்கு!

நமது மாநிலத்தில் 2011 முதல் சுமார் 50 லட்சம் லாப்டாப்புகள் மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. மக்கள் பணத்தில் வாங்கியவை. "ஸ்லோ ஆயிடுச்சு" என்ற ஒரே காரணத்துக்காக அவற்றில் எத்தனை பரணில் தூங்குகின்றனவோ!

வழி இல்லையா?

இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்தில் 2001-ல் தொடங்கிய பள்ளிக் கம்ப்யூட்டர் திட்டம் பிறகு லினக்சுக்கு மாறியது. எவருக்கும் லைசென்சுக் காசு கட்ட வேண்டாத, எவரும் திறந்து திருத்திக்கொள்ளக்கூடிய சிஸ்டம் அது. இன்று கைட் என்ற அரசு ஸ்தாபனம் தன் பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்சைத் தயாரித்துக் கொடுக்கிறது. 2018 முதல் மாணவர்களே "லிட்டில் கைட்ஸ்" என்ற குழுக்களாகப் பயிற்சி பெறுகிறார்கள். நம்மிடமும் ஆள் இல்லாமலில்லை. பாஸ் லினக்சை உருவாக்கியதே சி-டாக்கின் சென்னைக் கூடம்தான்.

விண்டோஸ் 11 உள்ளே விடாத லாப்டாப்பில் லினக்ஸ் மின்டோ லுபுண்டுவோ நன்றாக ஓடும். படிக்க, எழுத, தமிழில் அடிக்க, பாடம் பார்க்கப் போதும். பாதுகாப்பு அப்டேட்டும் தொடர்ந்து வரும். சில அலுவலகப் புரோகிராம்கள் அதில் ஓடாது என்பதும் உண்மை. அவை தேவைப்படாதவர்களுக்குத் தயக்கம் எதற்கு?

ஆனால் இளம் தோழர் ஒருவரின் ஸ்குரூ டிரைவர் மட்டுமே இதற்குத் தீர்வாகாது. சட்டம் வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவிலேயே, 100 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள மின்னணுச் சாமான்களுக்கு ஏழு வருஷம் உதிரிப் பாகமும் பழுது பார்க்கும் விவரமும் தர வேண்டும் என்ற சட்டம் 2024 ஜூலையில் அமலுக்கு வந்தது. இந்திய சர்க்கார் 2022 ஜூலையில் குழு போட்டது. டிசம்பரில் இணையதளம் திறந்தது. 2025-ல் இன்னொரு குழுவின் அறிக்கையைப் பெற்றது. இணையதளம் விவரம் சொல்லும். கம்பெனியின் கையைப் பிடித்து வேலை வாங்காது!

எனவே நாம் கேட்பவை இவை:

ஒன்று: ஒரு சாமான் கடைசியாக விற்கப்பட்ட நாளிலிருந்து பத்து வருஷத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் இலவசமாகத் தரப்பட வேண்டும். மருந்து வேறு, மூட்டை வேறு என்று பிரித்துத் தர வேண்டும்.

இரண்டு: பாட்டரி, டிஸ்க், ராம் ஆகியவற்றைச் சாதாரணக் கருவிகளால் மாற்ற முடிய வேண்டும். உதிரிப் பாகமும் விவரமும் தெருக்கோடி மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும்.

மூன்று: சர்க்கார் கொடுத்த லாப்டாப்புகளுக்கு மாவட்டந்தோறும் பழுது பார்க்கும் நிலையம் வேண்டும். ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு அங்கே ஊதியத்தோடு பயிற்சி தரலாம்.

நான்கு: பழுது பார்க்க எவ்வளவு எளிது என்ற மதிப்பெண் ஒவ்வொரு லாப்டாப் பெட்டியிலும் கட்டாயமாக அச்சிடப்பட வேண்டும்.

சட்டம் வரும்வரை கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. சங்க அலுவலகங்களும் நூலகங்களும் வாலிபர் மன்றங்களும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழுது முகாம் நடத்தலாம். ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு தூரிகை, ஒரு பென் டிரைவ், விஷயம் தெரிந்த இரண்டு இளைஞர்கள். தொடங்குவதற்கு இவ்வளவு போதும். நமது அலுவலகத்தில் வருகிற மாதம் முதல் ஞாயிறு தொடங்குகிறோம்.

அந்தத் தாயார் லாப்டாப்பை அதே துணிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். மகள் அன்றிரவே படிக்க உட்கார்ந்துவிட்டாள் என்று மறுநாள் வந்து சொன்னார். தவணைக் கடையில் கையெழுத்துப் போடுவதற்கு முன், அடுத்த வீட்டுக்காரரும் ஒரு கேள்வி கேட்கட்டும்:

"திறந்து பார்த்தீர்களா?"